மறுபடியும் போய்க் கேட்பது
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் பெரிய மருத்துவ அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். இந்த ஆண்டு, வீட்டு வாசல்களில் நின்று பேசியே பணிக்காலத்தைக் கழித்த நலக்கல்வியாளர் ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். மருந்து கொடுக்காத, ஊசி போடாத, ஆனால் மருந்தும் ஊசியும் பயன்பட வேண்டுமானால் யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு என்று நீங்கள் கருதியதால்தான் இந்த அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் பயிற்சி பெற்ற இடம் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் அந்த ஊரை உருவாக்கினார்கள். அங்கே 1964இல் தொடங்கிய ஊரக சுகாதார நிறுவனம் நலக்கல்வியாளர்களுக்குப் பயிற்சி தருவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதற்கும் முன்னரே ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் களப்பணி தொடங்கிவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரைச் சொல்கிறேன். சேலத்து ஆத்தூர் வேறு. அங்கே எங்களுக்குக் கற்பித்தவர்கள் வகுப்பறையில் சொன்னதைவிட, சாயங்காலம் களத்திலிருந்து திரும்பியதும் கேட்ட கேள்வி ஒன்றுதான் எனக்கு இன்றும் பயன்படுகிறது. "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்க மாட்டார்கள். "அவங்க என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

நலக்கல்வி என்றாலே பலர் மனத்தில் வருவது ஒரு சுவரொட்டி, ஒரு ஒலிபெருக்கி, ஒரு பள்ளி ஊர்வலம், கை கழுவும் தினத்தில் ஒரு புகைப்படம். மக்களுக்குத் தெரியவில்லை, தெரியப்படுத்தினால் செய்துவிடுவார்கள் என்ற கணக்கின்மேல் இவை எல்லாம் நிற்கின்றன. என் அனுபவத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கர்ப்பிணிப் பெண் எவரையும் கேட்டுப் பாருங்கள். சத்து மாத்திரை போட வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், ரத்தம் குறையக் கூடாது என்று ஒப்பிப்பார். அவருடைய மாமியாரும் ஒப்பிப்பார். ஆனாலும் 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையோடு இருப்பதாகச் சொல்கிறது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தின் நிலை இது. மாத்திரை வீட்டுக்கு வந்திருக்கிறது, செய்தியும் வந்திருக்கிறது. பிறகு எங்கே தடைபடுகிறது?

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. முதல் முறை சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போக வேண்டும். போய், சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

"மாத்திரை போடறியாம்மா?" என்பது பயனற்ற கேள்வி. அதற்கு எந்த வீட்டிலும் ஒரே பதில்தான்: "போடறேன் நர்சம்மா." (நாங்கள் நர்ஸ் இல்லை. ஆனால் பையோடு வருகிற எல்லாப் பெண்களையும் ஊர் அப்படித்தான் கூப்பிடும்.) கேட்பவருக்கும் பிடித்த பதில், சொல்பவருக்கும் வம்பில்லாத பதில். பதிவேட்டில் ஒரு 'டிக்' விழும், ரத்தம் ஏறாது. "மாத்திரை போட்டா என்னம்மா செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ செய்கிறது என்பதை நாமே ஒத்துக்கொண்டு கேட்கிறோம் என்றதும் வாய் திறந்துவிடும். குமட்டுகிறது. மலம் கட்டிக்கொள்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது, உள்ளே ஏதோ ஆகிவிட்டது போல. மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிள்ளை பெரிதாகிவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று மாமியார் சொல்கிறார்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதில் உண்டு. மலம் கறுப்பது இரும்புச்சத்தினால், கெடுதல் இல்லை. குமட்டலுக்கு, வெறும் வயிற்றில் போடாமல் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்முன் போடலாம். டீயோடும் பாலோடும் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் கூட இருந்தால் நன்றாக ஒட்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கையால் தரப்படுகின்றன, இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கி வேலையை முடிப்பதுதான் எவருக்கும் இயல்பு. ஆகவே எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று அந்த வீட்டின் அன்றாடத்தோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்ணிடம் போய் "ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவள் படுப்பது விடிந்த பிறகு. அவளுக்கு வேறு நேரம் கண்டுபிடிக்க வேண்டும், அவளோடு உட்கார்ந்து.

மாமியாரின் அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெரிதாகிவிடும் என்று பயப்படுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த அம்மா பிரசவம் பார்த்த காலத்தில், பிள்ளை மாட்டிக்கொண்டால் அறுவை செய்ய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. பெரிய பிள்ளை என்றால் தாய் சாகலாம். அவர் கண்ணால் பார்த்திருப்பார். தன் காலத்து அறிவைத்தான் அவர் மருமகளுக்குத் தருகிறார். இப்போது 108 வண்டி வருகிறது, அரசு மருத்துவமனையில் அறுவை அரங்கு இருக்கிறது, ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால்தான் உயிருக்கு ஆபத்து என்று எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். அவரை அறியாமையின் உருவமாக வைத்துப் பேசினால், மாத்திரை அட்டை கூரை எரவாணத்திலேயே கிடக்கும்.

இந்த மறுவருகையின் மகிமையை உலகத்துக்குக் காட்டிய சோதனை ஒன்று நம் சென்னையில்தான் நடந்தது. அதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

காசநோய்க்கு மருந்து வந்த புதிது அது. அதுவரை காசநோயாளி என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. இந்தியாவின் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, நோயோடு வேலைக்குப் போகிற மனிதர்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தொற்றாதா? இதை அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாயினர். ஒரு பிரிவு சானடோரியத்தில், ஒரு பிரிவு வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னைக் குடிசைகளில் கிடைத்த இந்தச் சான்று முக்கியமான காரணம்.

இந்தக் கதையில் மருந்துக்குக் கிடைத்த புகழ் எல்லாம் நியாயம்தான். ஆனால் வீடு தேடிப் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றைய மருந்துகளில் ஒன்றான பாஸ், அளவில் பெரியது, வயிற்றைப் புரட்டுவது. உடம்பு கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடத் தோன்றும். எனவே மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள்; சிறுநீர் மாதிரி வாங்கி மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்தார்கள். எண்ணுவதற்காகப் போனவர்கள், எண்ணிக்கை ஏன் பிசகுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். இன்று காசநோய்க்கு மருந்தை நேரில் பார்த்து விழுங்க வைக்கும் முறைக்கு வேர்களில் ஒன்று அந்தத் தெருக்களில் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்பது இரண்டு விதம். பிடித்துக் கண்டிப்பதற்கு எண்ணுவது ஒன்று. அதைப் போலீஸ்காரரும் செய்வார். ஏன் என்று அறிவதற்கு எண்ணுவது மற்றொன்று. முதலாவது விதத்தில் எண்ணினால், அடுத்த முறை மாத்திரை சாக்கடைக்குப் போய் அட்டை காலியாக இருக்கும். நலக்கல்வியாளருக்கு உரியது இரண்டாவதுதான்.

அடுத்து, என் தொழிலில் யாருக்கும் நான் முதலில் சொல்லும் கதை. இது வங்காளத்தில் நடந்தது.

1971. கிழக்கு வங்காளத்திலிருந்து போருக்கு அஞ்சி மக்கள் லட்சம் லட்சமாக எல்லை தாண்டி வருகிறார்கள். மேற்கு வங்கத்தில் போங்காவ் என்ற எல்லையோர ஊரில் காலரா. மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வருகிறது. பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ், கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் இருந்து உப்பு, சோடியம் பைகார்பனேட், குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பாக்கெட் போடச் செய்து, பெரிய கலன்களில் கரைத்து, வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்கள் செவிலியர்கள் மட்டுமில்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்தில் இருந்த எவரோ. நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே வந்தது. குடலில் உப்பு உறிஞ்சப்படுவதற்குச் சர்க்கரை துணை செய்கிறது என்ற உடலியல் உண்மையை, அகதி முகாமில் ஒரு தாயின் கையில் இருந்த குவளை மெய்ப்பித்தது. மகலனாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

இதோடு கதை முடிந்துவிட்டதாகப் பாடப்புத்தகங்கள் நினைக்கின்றன. நலக்கல்வியாளருக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது. மருந்து கிடைத்துவிட்டது, சரி. விடுதலை பெற்ற வங்கதேசத்தில் சாலை இல்லாத, மருந்துக்கடை இல்லாத, மழைக்காலத்தில் தீவாகிவிடும் கிராமங்களில் ஒவ்வொரு தாய்க்கும் இதைக் கொண்டுபோவது எப்படி? ஃபஸ்லே ஹசன் அபெத் தொடங்கிய பிராக் என்ற நிறுவனம் பாக்கெட்டை நம்பாமல், அடுப்படியில் இருப்பதையே நம்பியது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980 முதல் 1990 வரை, பெண் பணியாளர்கள் குழுக் குழுவாகக் கிராமங்களில் தங்கி, வீடு வீடாக நடந்து, ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்குக் குறையாமல் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். தாயே தன் கையால் கரைத்துக் காட்ட வேண்டும். நினைவில் வைக்க வேண்டியவை முதலில் பத்துச் செய்திகளாக இருந்தன. பத்து அதிகம் என்று தெரிந்ததும் ஏழாகக் குறைத்தார்கள்.

அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் சம்பள முறை. இத்தனை வீட்டுக்குப் போனேன் என்று கணக்குக் காட்டினால் சம்பளம் கிடைக்காது. சில வாரம் கழித்து வேறொருவர், கற்பிக்கப்பட்ட வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துப் போவார். அந்தத் தாய்க்கு எத்தனை செய்தி நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். கலந்த கரைசலின் மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்கும் போயின. தாய் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் கற்பித்தவருக்குக் கூலி. மாணவரின் தேர்வுத்தாளை வைத்து ஆசிரியருக்குச் சம்பளம் போட்டது போன்றது இது. பள்ளிகளில் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வேலையில், நான் பேசி முடித்ததோடு என் கடமை முடியவில்லை என்பதை இதைவிட அழுத்தமாக யாரும் சொன்னதில்லை.

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். கேட்டால் சொன்னார்கள், கலக்கியும் காட்டினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதியானபோது கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று மறுபடி போய்க் கேட்டார்கள். கிடைத்த விடைகள் மூன்று, மூன்றும் நம் ஒவ்வொருவருக்கும் பாடம். ஒன்று, கற்பித்த பணியாளர்கள் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காலரா மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், துவண்டு வந்தவர் குடித்துக் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். இரண்டு, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை. பெண் கரைத்துவைத்தாலும் கணவன் "இந்த வெல்லத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு வைத்தியரைக் கூப்பிடப் போய்விடுகிறான். பிறகு பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். மூன்று, தாய்மார்கள் குழந்தையின் பேதியை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள்: தாய்ப்பாலால் வருவது, செரிக்காமல் வருவது, சளியும் ரத்தமுமாகப் போவது, தண்ணீராய்ப் பீறிடுவது. கரைசல் என்பது கடைசி வகைக்கு மட்டுமான மருந்து என்று கருதியதால் மற்ற மூன்றுக்கும் பழைய வைத்தியத்தையே செய்தார்கள். மருத்துவர்களின் நினைப்பில் இருந்தது ஒரே நோய். தாய்மார்கள் கண்டது நான்கு.

நம்மூரில் மட்டும் என்ன? குழந்தைக்கு வயிற்றால் போனால் மாந்தம் என்பார்கள், சீர் தட்டியிருக்கிறது என்பார்கள், குடல் ஏறிவிட்டது என்பார்கள், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உச்சி விழுந்துவிட்டது என்று பாட்டி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பச்சைக் குழந்தையின் தலை உச்சிக்குழி பள்ளமாவதைத்தான் அப்படிச் சொல்கிறார். மருத்துவக் கல்லூரியில் உடம்பில் நீர் வற்றியதற்கான அடையாளம் என்று கற்பிப்பதும் அதைத்தான். பாட்டி சரியாகப் பார்த்துவிட்டார். அதற்குச் செய்ய வேண்டியதில் மட்டும் பிரிகிறோம். "நீங்க பார்த்தது சரிதான் பாட்டி, உடம்புல தண்ணி வத்துனாத்தான் உச்சி விழும், தண்ணி ஏறுனா எந்திரிச்சுரும்" என்று தொடங்கினால், கரைசலை அந்தப் பாட்டியே சங்கில் புகட்டுவார். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்கினால் நாம் தெருமுனை திரும்புவதற்குள் குழந்தை தொக்கம் எடுப்பவர் வீட்டில் இருக்கும்.

இதே கரைசலுக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கும் அதே கதிதான். அரசு தரும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. முழுப் பாக்கெட்டையும் ஒரே முறையில் ஒரு லிட்டரில் கரைத்து, ஒரு நாளைக்குள் தீர்க்க வேண்டும். வீடுகளில் நடப்பது என்ன? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பவுடர் போட்டு, மிச்சத்தை மடித்து டப்பாவில் வைப்பார்கள். ஹார்லிக்ஸையும் பூஸ்டையும் அப்படித்தானே கலக்கிறோம்? குழந்தை ஒரு லிட்டர் குடிக்காது, பாக்கெட்டை வீணாக்குவானேன் என்ற சிக்கனம் அது. ஆனால் உப்பும் குளுக்கோஸும் அளவு மாறினால் கரைசல் வேலை செய்யாது, கெட்டியாகிவிட்டால் கேடு. எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இந்தத் தப்பு நமக்குத் தெரியவராது. அந்த வீட்டில் ஒரு லிட்டர் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலையோ செம்பையோ எடுத்துவரச் சொல்லி, அவரையே கலக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கூடவே தரும் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். இதுவும் மறுபடி போனால்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்தை வணிகமும் வளர்த்தது. சர்க்கரை மிகுந்த பழரசப் பெட்டிகள் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக்கடைகளில் விற்றன. பேதியான குழந்தைக்கு அந்தச் சர்க்கரை கேடு. குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. ஒரு தாய்க்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் வாசல் வாசலாக நடந்த அதே ஆண்டுகளில், எதிர்த் திசையில் ஒரு விளம்பரம் நடந்துகொண்டிருந்தது. நலக்கல்வி தனியாக நின்று போராட முடியாது. சட்டம் துணைக்கு வரவேண்டும்.

நம் மாநிலத்துக்கு அந்தத் துணை பழையது. பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை இங்கே 1920களின் தொடக்கத்திலேயே உருவானது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் நாட்டில் அவ்வகையில் முதலாவது. அதனால்தான் மற்ற பல மாநிலங்களில் இல்லாத பணியாளர் படை நமக்கு இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மனமார வரவேற்கிறவள். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கூலி வேலையை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க முடியாத மனிதருக்கு இது பெரிய காரியம். கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். அவருக்கு யார் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரியும். மகாராஷ்டிரத்து ஜாம்கெட்டில் 1970 முதல் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் டாக்டர் மேபெல் ஆரோலேயும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே நலப்பணியாளர்களாக்கி நிரூபித்ததும் இதைத்தான்.

ஆனால் மாத்திரையை வாசலில் கொடுப்பதோடு அந்தப் பெண்ணின் வேலை முடிந்துவிட்டதாக நாம் கணக்கு வைத்துவிடக் கூடாது. பிரஷர் உள்ளவருக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை. வலி இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை என்பதை மனம் ஏற்காது. "இப்ப நல்லாத்தான இருக்கேன், எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார். நல்லா இருப்பதே மாத்திரையால்தான் என்பதை ஒரு முறை சொன்னால் போதாது. நோன்பு நாளில் என்ன செய்கிறார், சாராயம் குடித்த அன்று என்ன செய்கிறார், மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனால் மாத்திரையை எடுத்துப் போகிறாரா என்று கேட்க நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைத்தான் நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பார்க்க வேண்டியது சமவெளியில் ஏறக்குறைய ஐயாயிரம் பேரை. தாய்சேய்ப் பதிவு, கர்ப்பிணிக்குத் தரும் பிக்மி பதிவு எண், தடுப்பூசிப் பதிவு, அதற்கொரு செயலி, இதற்கொரு செயலி, இடம் காட்டும் புகைப்படம். பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு இல்லாவிட்டால் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வீட்டில் உட்கார்ந்த நேரத்தில் பாதி கைபேசித் திரையைப் பார்ப்பதில் போனால், எதிரே இருக்கும் தாயின் முகத்தை யார் பார்ப்பது? எங்கள் பதிவேடுகளில் போன வீடுகளின் எண்ணிக்கைக்குப் பத்தி உண்டு. சொன்னதைச் செய்யவில்லை, காரணம் என்ன என்று எழுதப் பத்தி இல்லை. ஒரு துறை எதைக் கேட்டு வாங்குகிறதோ அதைத்தான் பணியாளர் கொண்டுவந்து கொடுப்பார்.

அந்தக் காரணம் சில நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்காது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்கிறோம். விறகோ சிலிண்டரோ எவ்வளவு செலவு என்று அந்தப் பெண் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தெருக் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் காய்ச்சச் சொல்வது, ஊராட்சி செய்ய வேண்டிய வேலையை ஏழைப் பெண்ணின் அடுப்பின்மேல் ஏற்றுவதாகும். அங்கே நலக்கல்வியாளர் போக வேண்டிய வாசல் ஊராட்சித் தலைவருடையது. கேட்டதை மேலே கொண்டுபோக உரிமை இல்லாத நலக்கல்வியாளர், ஏழையைக் குறைசொல்லும் ஒலிபெருக்கியாக மாறிவிடுவார். நாற்பது கேஜி நெல் மூட்டை தூக்குகிற பெண்ணிடம் நிறைமாதத்தில் ஓய்வெடு என்று சொல்வதற்குமுன், அவளுக்கு மகப்பேறு நிதியுதவித் தவணை வந்துவிட்டதா என்று விசாரிப்பதும் நலக்கல்விதான். என்னைக் கேட்டால், அதுதான் முதலில் செய்ய வேண்டியது.

இந்த அவையில் துறையின் உயர் அலுவலர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாளையாவது, கூட்டமோ பயிற்சியோ பதிவேற்றமோ இல்லாத நாளாக, மறுவருகைக்கென்றே ஒதுக்குங்கள். பதிவேட்டில் "செய்யவில்லை, காரணம்" என்று ஒரு பத்தி சேர்த்து, அதை மாதந்தோறும் வட்டார மருத்துவ அலுவலர் படித்துப் பதில் எழுத வேண்டும் என்று ஆணையிடுங்கள். ஊக்கத்தொகையில் காலம் தள்ளும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு நிலையான ஊதியமும் முறையான பயிற்சியும் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நம் நாட்டின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது, அவர்களும் இன்னும் ஊக்கத்தொகையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் செவிலியத் தங்கைகளே, தன்னார்வலத் தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. நாளைக்குப் போகும் முதல் வீட்டில் புதிதாக எதையும் சொல்லாதீர்கள். போன மாதம் சொன்னது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.